பஞ்சவர்ணம் என்றால் எத்தனை நிறம்?

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் பள்ளிக் கட்டுரையில் தன் அப்பத்தாவின் புடவையைப் 'பஞ்சவர்ணச் சேலை' என்று எழுதியிருந்தாள். அதில் ஏழு நிறங்கள் இருப்பதாக அடுத்த வரியில் அவளே சொல்லிவிட்டதால், ஆசிரியை அச்சொல்லை அடித்துவிட்டுப் 'பல்வண்ணச் சேலை' என்று திருத்தியிருக்கிறார். எது சரி?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியையின் கணக்கில் பிழையில்லை. ஆயினும் அத்திருத்தம் எனக்கு உடன்பாடில்லை. 'பஞ்ச' என்பது ஐந்துதான். ஆனால் நம் மரபில் நிறங்களின் மொத்தக் கணக்கே ஐந்து. உயிரல்லாப் பொருள்களின் குணங்களை அடுக்கும் நன்னூல் 'ஐவண்ணம்' என்கிறது. அதன் உரை, வெண்மை, செம்மை, கருமை, பொன்மை, பசுமை என்பவற்றோடு நிறத்தை முடித்துக்கொள்கிறது. நீலத்துக்குத் தனியிடம் இல்லை. திருமாலைக் கார்வண்ணன் என்றும் பச்சைமால் என்றும் கூசாமல் அழைத்த மொழிக்கு அது ஒரு குறையாகவும் படவில்லை. ஆகவே பஞ்சவர்ணம் என்றால் 'ஒரு நிறமும் விடுபடாமல்' என்றே நான் பொருள் கொள்வேன். பல்வண்ணமோ, இரண்டுக்கு மேல் எத்தனை இருந்தாலும் பொருந்திவிடும் வெறும் தகவல்.

தரையில் பொடிகளால் தெய்வ உருவம் வரையும் கேரளத்துக் களமெழுத்தில் இந்த ஐந்தையும் பொடியாகவே காணலாம். அரிசிமாவு வெள்ளை, உமிக்கரி கறுப்பு, மஞ்சள்தூள் மஞ்சள், வாகை இலைப் பொடி பச்சை. ஐந்தாவதான சிவப்புக்குத் தனிப்பொருள் தேட வேண்டியதில்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் போதும், நம் வீட்டு ஆரத்தித் தட்டில் நிகழ்வதுபோல அது கண்ணெதிரே சிவந்துவிடும். பகவதியின் முழு உருவமும் இவற்றுக்குள்ளேயே எழுந்துவிடுகிறது.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த பெருங்கிளிக்கும் நம்மவர்கள் தயங்காமல் பஞ்சவர்ணக்கிளி என்று பெயரிட்டார்கள். நீலமும் மஞ்சளுமான வகையை நெருங்கிப் பார்த்தால் முதுகு நீலம், மார்பு மஞ்சள், நெற்றி பச்சை, தாடைக்கடியில் கறுப்பு, கன்னத்தில் வெள்ளைத் தோல் என்று கணக்குச் சரியாகவே வரும். ஆனால் பெயர் வைத்தவர் எண்ணிப் பார்த்து வைத்ததாகத் தோன்றவில்லை. உடலெல்லாம் சிவந்த இன்னொரு வகைக்கும் அதே பெயர்தான். பெண்களுக்குப் பஞ்சவர்ணம் என்று பெயரிட்டவர்கள் எதை எண்ணினார்கள்?

கும்பகோணத்தை அடுத்த நல்லூரில் இறைவன் ஒரு நாளில் ஐந்து நிறம் காட்டுவதாகச் சொல்வார்கள். நான்கிற்குப் பெயருண்டு, ஐந்தாவது, இன்னதென்று சொல்ல இயலாத நிறம். மிச்சமுள்ள எல்லா நிறங்களும் அதில் அடங்கிவிடும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வரம்பு உண்டு. நிறங்கள் தனித்தனியே துலங்கும் இடத்தில்தான் இச்சொல் நன்றாக அமையும். ஒன்றிலொன்று கரையும் மயில்கழுத்துக்கு அதைச் சொன்னால் எனக்குச் செவியில் இடறுகிறது. எல்லாவற்றுக்கும் 'வண்ணமயமான' என்று எழுதிவிடும் செய்தித்தாள் வழக்கத்தை இங்கே பேசத் தொடங்கினால் பதில் முடியாது.

சேலையின் ஏழு நிறங்களும் கட்டம் கட்டமாகவோ கோடு கோடாகவோ நிற்குமானால், மகள் எழுதியது அப்படியே இருக்கட்டும்.