‘லேசா ஒரு குத்துதான்’ என்றால் சம்மதிக்கலாமா?

கேள்வி: என் மகள் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. அவளுக்குக் கத்னா (பிறப்புறுப்பில் செய்யும் விருத்தசேதனச் சடங்கு) செய்தே ஆக வேண்டும் என்கிறார் மாமியார். “வெட்டவெல்லாம் மாட்டார்கள், ஊசியால் லேசாக ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். பயமாக இருந்தால் டாக்டரிடமே செய்துகொள்ளலாம்” என்கிறார். இதுவும் பெண் உறுப்புச் சிதைப்பில் சேருமா?

பதில்: சேரும். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் இந்தச் சிதைப்பை நான்கு வகையாகப் பிரிக்கிறது. வெட்டி எடுப்பதும் தைத்து மூடுவதும் முதல் மூன்றில் வரும். பலருக்குத் தெரியாதது நான்காவது வகை. மருத்துவக் காரணமே இல்லாமல் பிறப்புறுப்பில் குத்துவது, துளையிடுவது, கீறுவது, சுரண்டுவது, சூடு வைப்பது எல்லாம் அதில் அடங்கும். வட நைஜீரியாவில் ‘கிஷிரி’ என்று யோனிச் சுவரையே கீறிவிடுவார்கள். பிரசவம் சிக்கினால் அதுதான் வைத்தியம் என்று ஒரு நம்பிக்கை. சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவே ஓட்டை விழுந்து, சிறுநீர் ஓயாமல் கசியும் நிலைக்குப் பெண்கள் ஆளாகிறார்கள். சிறுமிகளின் பிறப்புறுப்பின் உள் உதடுகளை இழுத்து நீட்டும் வழக்கம் ருவாண்டா, உகாண்டா பக்கம் உண்டு. அதை இதில் சேர்ப்பதா என்பதில் நிபுணர்களிடையே ஒரே கருத்து இல்லை. கேமரூனில் சூடான கல்லால் மார்பகத்தை அழுத்தித் தேய்ப்பது வேறு உறுப்பு என்பதால் இந்தப் பட்டியலில் வராது. கொடுமையில் மட்டும் குறைச்சல் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதக் குழந்தையின் கிளிட்டோரிஸ் (பிறப்புறுப்பின் மேல்பகுதியில் மொட்டுபோல இருக்கும் உறுப்பு) மிகச் சிறியது, நரம்புகள் நெருக்கமாக உள்ள இடம். குழந்தை திமிறும். ‘குத்து’ எங்கே நின்று ‘வெட்டு’ எங்கே தொடங்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. டாக்டர் செய்தால் கிருமித்தொற்று குறையலாம், அவ்வளவுதான். குழந்தைக்கு இதனால் ஒரு பலனும் இல்லை என்பது மாறாது. அதனால்தான் மருத்துவப் பணியாளர்கள் இதைச் செய்யவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தோனேசிய அரசும் 2024-ல் ஓர் அரசாணையில் இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அறிவித்தது.

மாமியாரிடம் மருத்துவம் மட்டும் பேசினால் எடுபடாது. அவர் மார்க்கக் கடமை என்று நினைத்தால், எகிப்தின் அல்-அஸ்ஹர் இஸ்லாமியக் கல்வி நிறுவனத்தின் அறிஞர் குழு 2007-லேயே இதற்கு மார்க்கத்தில் அடிப்படை இல்லை என்று அறிவித்ததை எடுத்துச் சொல்லுங்கள். அதற்கு முன் கணவரிடம் தனியாகப் பேசி, அவரை உங்கள் பக்கம் நிறுத்துங்கள். மறுப்பு அவர் வாயிலிருந்து வருவது நல்லது. முடிவு தெளிவாகும்வரை, இதில் பிடிவாதமாக இருப்பவர்களிடம் குழந்தையைத் தனியாக விடாதீர்கள். இதில் சங்கடம் பார்க்க வேண்டாம்.

ஒருவேளை உங்களுக்குத் தெரியாமல் செய்துவிட்டால், ரத்தம் நிற்காமல் கசிகிறதா, சிறுநீர் கழிக்காமல் இருக்கிறாளா, காய்ச்சல் உண்டா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் உடனே குழந்தைகள் மருத்துவரிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். இந்த வகைக் காயம் பல நேரம் வெளியே தழும்பு காட்டாது.