குடியிருந்தவர் விட்டுப்போன சாமான்: வீட்டுக்காரர்கள் கேட்டவை

கேள்வி: மாடி போர்ஷனைக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேருக்கு விட்டிருந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இரும்புக் கட்டில், ஏர் கூலர், புத்தக மூட்டை, பூட்டிய சூட்கேஸ் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. அடுத்த குடித்தனம் காத்திருக்கிறது. காயலான் கடையில் போட்டுவிடலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: போடலாம், ஆனால் இன்றைக்கே அல்ல. சாவி கைக்கு வந்துவிட்டதால் போர்ஷன் உங்களுடையது. சாமான் இன்னும் அவர்களுடையது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸ், ஒப்பந்தப் பதிவு பற்றியெல்லாம் பேசுகிறதே தவிர, விட்டுப்போன சாமானுக்கென்று தனி வழி வகுக்கவில்லை. அதனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதியைப் பிடித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு: அடுத்தவர் பொருள் உங்கள் பொறுப்புக்கு வந்தால், உங்கள் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர்மையில்லாமல் எடுத்துக்கொண்டால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 314-ஆம் பிரிவில் குற்றமாகவே ஆகிவிடும்.

எதையும் நகர்த்துவதற்கு முன், பகல் வெளிச்சத்தில், வாசலில் தொடங்கி ஒவ்வொரு மூலையும் தெரியும்படி நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். உங்கள் குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் உடன் இருக்கட்டும். பிறகு பட்டியல். 'கட்டில் 1' என்று எழுதினால் நாளைக்கு அது தேக்குக் கட்டிலாகிவிடும். 'இரும்புக் கட்டில், ஒரு கால் வளைந்தது' என்று எழுதுங்கள். கூலருக்கு பிராண்டும் சீரியல் நம்பரும் வேண்டும். சாட்சிகள் இருவரும் கையெழுத்துப் போடட்டும். சூட்கேஸைத் திறக்கவே திறக்காதீர்கள். திறந்த நிமிடத்திலிருந்து உள்ளே இல்லாத நகைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பூட்டின் மேல் காகிதம் ஒட்டி, அதன் குறுக்கே சாட்சிகள் கையெழுத்திட்டதும் படம் எடுத்து வையுங்கள்.

மொட்டை மாடியில் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பதுதான் இங்கே வழக்கம். ஐப்பசி மழையில் புத்தகம் ஊறிப்போனால் நஷ்டம் உங்கள் தலையில் விழும். மாடிப்படிக்குக் கீழே, செங்கல் வைத்துப் பலகை போட்டு, தரையில் படாமல் அடுக்குங்கள். கூலர் தொட்டியில் தண்ணீர் இருந்தால் வடித்துவிடுங்கள், கொசு வரும். அரிசி, ஊறுகாய், எண்ணெய் போன்ற கெட்டுப்போகும் பொருளை மட்டும் படம் எடுத்துவிட்டு உடனே அகற்றலாம்.

அடுத்து நோட்டீஸ். மூன்று பேருக்கும் தனித்தனியாக, ஒப்பந்தத்தில் உள்ள சொந்த ஊர் முகவரிக்கு அனுப்புங்கள். ஒருவருக்கு அனுப்பிவிட்டு 'மற்றவர்களிடம் சொல்லிவிடு' என்பது எடுபடாது. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், கவுன்டரிலேயே டெலிவரி அத்தாட்சி வேண்டும் என்று கேளுங்கள். அதே நோட்டீஸை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். வாசகம் இந்த அளவு போதும்:

'நீங்கள் காலி செய்த வீட்டில் இணைப்புப் பட்டியலில் உள்ள பொருள்கள் உள்ளன. இந்த நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள், முன்கூட்டியே தெரிவித்துவிட்டு எடுத்துச் செல்லவும். தவறினால் விற்று, பில் உள்ள செலவைக் கழித்து, மீதியை உங்கள் கணக்கில் செலுத்துவேன்.'

30 நாள் என்பது சட்டம் போட்ட கெடு அல்ல, நியாயமான அவகாசம். உள்ளூர்க்காரர் என்றால் 15 நாள் போதும், வெளிமாநிலப் பையன்களுக்குப் போதாது. தபால் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள், அதுதான் சாட்சி. கெடு தாண்டியதும் இரண்டு கடையில் விலை கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு விற்கலாம். பூட்டிய சூட்கேஸை மட்டும் விற்க வேண்டாம், ஓரமாக இருக்கட்டும். காகிதங்கள் எல்லாம் மூன்று வருடம் பத்திரமாக இருக்க வேண்டும், பொருளைக் கேட்டு வழக்குப் போட அவர்களுக்கு அவ்வளவு காலம் உண்டு. அட்வான்ஸ் தனிக் கணக்கு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி கழித்து, கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: வைத்தியத்துக்காக வந்த வெளிமாநிலக் குடும்பம் மாத வாடகைக்கு இருந்தது. இரண்டு மாத பாக்கியோடு அறையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். போன் சுவிட்ச் ஆஃப். பூட்டை உடைக்கலாமா? பாக்கிக்குப் பதிலாகச் சாமானை எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், தோட்டப்பாளையம்

பதில்: இரண்டும் கூடாது. சாவி அவர்களிடம் இருக்கும்வரை அறை அவர்கள் அனுபவத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். உடைத்தால், 'குறிப்பிட்ட பரிகாரச் சட்டம்' (Specific Relief Act) என்ற சட்டத்தின் 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் அவர்கள் உங்கள்மேல் வழக்குப் போடலாம். வாடகை பாக்கிக்காகச் சாமானைப் பிடித்துவைக்கும் உரிமையும் உங்களுக்குத் தானாக வருவதில்லை.

முதலில் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். நோயாளி இருந்த குடும்பம், ஊரில் என்ன ஆனதோ தெரியாது. அறையிலிருந்து கேஸ் வாடையோ துர்நாற்றமோ வந்தால் போலீஸை வரவழைத்து அவர்கள் முன்னிலையில் திறக்கலாம். மற்றபடி நோட்டீஸ், அதற்குப் பின் வாடகை நீதிமன்றத்தில் மனு. ஆற்காடு, வாலாஜா பக்கம் வீடு இருந்தால், வேலூர் மாவட்டத்தின் 2019 பிரிவினைக்குப் பிறகு எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டத்தில்தான். வக்கீல் வைக்க வழியில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100-இல் கேட்டுப் பாருங்கள். குடியிருந்தவர் இறந்துவிட்டதாகத் தெரிந்தால், வருகிற சொந்தக்காரரிடமெல்லாம் சாமானைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். வாரிசுச் சான்றிதழ் பார்த்து, வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் வாங்குங்கள்.

கேள்வி: ஒரு ஸ்கூட்டரும் கேஸ் சிலிண்டரும் நிற்கின்றன. யாரும் வரவில்லை.
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஸ்கூட்டரை விற்க முடியாது. உரிமையாளர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்கள் இல்லாமல் பெயர் மாறாது. திருட்டு வண்டியாக இருந்தால் சிக்கல் உங்களுக்கு. பதிவு எண்ணோடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். சிலிண்டர் குடியிருந்தவருடையதும் அல்ல, எண்ணெய் நிறுவனத்துடையது. ரெகுலேட்டரோடு ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

கேள்வி: ஸ்கேன் படம், ஆஸ்பத்திரி ஃபைல், மருந்து?
– வாசகர், பாகாயம்

பதில்: ஃபைலையும் ஸ்கேனையும் ஒருபோதும் எடைக்குப் போடாதீர்கள். அடுத்த வைத்தியமே அதை வைத்துத்தான் நடக்கும். அட்டைக்குள் வைத்து மடங்காமல் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள், செலவை பாக்கியில் சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட் கிடைத்தால் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள். மிச்ச மாத்திரையை அடுத்த நோயாளிக்குக் கொடுப்பது வேண்டாம். ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லிக் கொடுங்கள். மார்ஃபின் மாத்திரை இருந்தால் கொடுத்த ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கேட்டு ஒப்படையுங்கள்.