திருக்கைக்குப் பயந்த கால்

அன்புள்ள ஐயா,

என் அப்பத்தா பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுத்தவர். நான் பிறந்து வளர்ந்தது மதுரை. இப்போது எங்களோடு இருக்கிறார். மறதி முற்றிவிட்டது. என்னையே "தம்பி எந்த ஊரு?" என்கிறார். கொஞ்ச நாளாக டைல்ஸ் தரையில் காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். பழந்துணியைக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொள்கிறார். மறதியில் இப்படியெல்லாம் வருமா?

(பெயர் வேண்டாம்), மதுரை

அன்புள்ள தம்பி,

முதலில் டாக்டரிடம் அந்த நடையைக் காட்டிவிடுங்கள். மறதி நோயிலும் நடை தேயும். அப்புறம், வீட்டில் கால்மிதி ஏதும் கிடந்தால் எடுத்துவிடுங்கள், தடுக்கிவிடும்.

இனி நான் நினைப்பது. எங்களைச் சிறுவயதில் கடலில் இறக்கும்போது சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: காலைத் தூக்கி வைக்காதே, தேய்ச்சு நட. முழங்கால் தண்ணீரில் திருக்கை மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். முதுகில் மிதித்தால் வால் சுழன்று முள் ஏறும். தேய்த்து நடந்தால் அதிர்வு தெரிந்து அதுவே விலகிவிடும். விரலில் துணியும் அப்படித்தான். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து வெறுங்கையால் பிய்த்தால் விரல் கிழியும். உங்கள் வீட்டுக் கூடம் அப்பத்தாவுக்குக் கடலாக இருக்கலாம்.

1953-இல் அமெரிக்காவில் ஒருவருக்கு வலிப்புக்காக மூளையில் அறுவை நடந்தது. அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றின் இரு கோடுகளுக்கு இடையே வரையச் சொன்னார். மூன்று நாள். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவைதான். ஆனால் கை மட்டும் தேறிக்கொண்டே வந்தது. பெயரும் முகமும் ஒரு கணக்கு, பழகிய வேலை வேறொரு கணக்கு. மூளையில் இரண்டுக்கும் இடம் வேறு.

இதை வைத்து 'கால் மறக்காது' என்று யாராவது உருகினால் எனக்கு எரிச்சல்தான் வரும். என் அப்பாவுக்கு நேர்மாறாக நடந்தது. 1964 தனுஷ்கோடிப் புயல் ராத்திரியை மணி வாரியாகச் சொல்வார். ஒருநாள் கரைக்குப் போய் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வாசலிலிருந்து திண்ணை வரை சிவப்பாகப் பொட்டுப் பொட்டு. "யாருக்குடா அடிபட்டுச்சு?" என்று அவரே கேட்டார். உள்ளங்காலில் சிப்பி ஓடு அரை விரல் ஆழம் இறங்கியிருந்தது. சர்க்கரையில் பாத நரம்பு எப்போதோ செத்துவிட்டிருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

ஒன்று கேட்க வேண்டும். பாசிக்குப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில். அப்பத்தா துணி சுற்றுவது தினமுமா, இல்லை அந்த நாட்களில் மட்டுமா? காலண்டரைப் பார்த்துக் குறித்து எழுதுங்கள்.