தூக்கத்தில் நின்ற மூச்சு

கேள்வி: அக்காவின் மூன்று மாதக் குழந்தை தூக்கத்திலேயே இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரியவில்லை. மூளைக் கோளாறாக இருக்கலாம் என்கிறார்கள். முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா? அக்கா தன்னையே திட்டிக்கொள்கிறாள், டாக்டர்.

பதில்: முடியாதம்மா. அதற்கென்று நம்பகமான பரிசோதனை இன்றுவரை இல்லை. அக்காவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

தூங்கும் குழந்தையின் முகம் துணியில் புதைந்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும்; ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். உடனே மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு உசுப்பிவிட, குழந்தை தலையைத் திருப்பும், வீறிட்டு அழும். அந்த உசுப்பலுக்குச் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டனில் ஹன்னா கின்னி என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி இறந்த குழந்தைகளின் முகுளத்தில், அதாவது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில், அது 26 சதவீதம் குறைவாக இருந்தது. எல்லாக் குழந்தைக்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பார்த்தால் கொழுகொழுவென்று, நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்குள்ளும் இந்தக் குறை ஒளிந்திருக்கலாம். எந்தத் தாய்க்கு அது தெரியும்?

அப்புறம், அடுத்த குழந்தை பிறந்தால் ஒரு வயதுவரை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லுங்கள். மெத்தை கெட்டியாக இருக்கட்டும், தலையணை வேண்டாம். வீட்டில் யாரும் புகைக்கவே கூடாது.