பெயர்ப்பலகை இல்லாத லிஃப்ட் பம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வாழப்பாடி பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருக்கிறேன். ஊடு உழவுக்குப் பழைய 18 எச்.பி. மினி டிராக்டர். வண்டி சூடானால் ரோட்டவேட்டர் மெதுவாகத்தான் ஏறுகிறது. எஞ்சினை நிறுத்தினால் தானாக இறங்கிவிடுகிறது. அதை ஆயில் அழுத்தத்தால் தூக்கும் லிஃப்ட் பம்பைப் பார்த்த மெக்கானிக் ‘பம்ப் போச்சு’ என்றார். சேலத்தில் ஒருவரிடம் ‘சேம் மாடல்’ என்று ஒரு பழைய பம்ப் வாங்கினேன். குழாய் பொருந்தாததால் லேத்தில் அடாப்டர் கடைந்து, டைமிங் கியர் பெட்டியில் மாட்டினோம். இரண்டு தடவை நன்றாகத் தூக்கியது. பிறகு ஆயில் சீல் பிதுங்கிவிட்டது. இரண்டு பம்பிலும் பெயர்ப்பலகை இல்லை. அடுத்து எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: அடுத்த பம்ப் இருக்கட்டும், முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டைமிங் கியர் பெட்டியில் மாட்டிய பம்பின் சீல் போனால் ஹைட்ராலிக் ஆயில் நேராக எஞ்சின் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்கும். எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் சாவியைத் தொடக் கூடாது. பம்ப் செலவோடு போக வேண்டியது கிராங்க் பேரிங் வரை போய்விடும்.

பிதுங்கியது சீலின் குற்றமில்லை. உங்களுக்கு விற்றது எதிர்த் திசையில் சுற்ற வேண்டிய பம்ப். கியர் பம்பில் ஷாஃப்ட் சீலுக்குப் பின்னால் கசியும் ஆயில், உள்ளே ஒரு சிறு துளை வழியாக சக்‌ஷன் பக்கம் (ஆயிலை உறிஞ்சும் பக்கம்) திரும்பிவிடும். அதனால் சீல்மேல் அழுத்தமே இருக்காது. எதிர்த் திசை பம்பில் ஆயில் உள்ளே வரும் வாயும் வெளியேறும் வாயும் இடம் மாறியிருக்கும். அடாப்டர் போட்டுப் பழைய குழாய்களை இருந்த இடத்திலேயே மாட்டியதால் பம்ப் தூக்கவும் செய்தது. ஆனால் அந்தத் துளை இப்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் பிரஷர் பக்கம் திறந்திருக்கிறது. சில ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) அழுத்தம்கூடத் தாங்காத சீல்மேல் நூறு பாருக்கு மேல் ஏறினால் என்ன ஆகும்? அந்தப் பம்பில் புது சீல் போட்டால் அதுவும் அடுத்த தூக்கலில் வெளியே வரும். ‘கியரைத் திருப்பிப் போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

திசையைக் கண்டுபிடிக்க யார் தயவும் வேண்டாம். ஷாஃப்ட் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பம்பைப் பிடியுங்கள். ஷாஃப்ட் நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். அந்தப் பக்கம் மேலே வரட்டும். இப்போது பெரிய வாய், அதாவது சக்‌ஷன், இடது கைப் பக்கம் இருந்தால் அது கடிகாரம் சுற்றும் திசைப் பம்ப். வலது கைப் பக்கம் இருந்தால் எதிர்த் திசை. இரண்டு வாயும் ஒரே அளவாக இருந்து, உடம்பில் அம்புக்குறியும் இல்லையென்றால் அதைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இந்தத் திசையை உடம்பிலேயே கொத்திக் கொடுத்தால் கம்பெனிகளுக்கு என்ன குறைந்துவிடும்? ஸ்டிக்கரில் அச்சடிக்கிறார்கள். அது முதல் டீசல் கழுவலில் போகிறது. மிச்சத்தைத் தரகர் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, ‘ரீகண்டிஷன்’ என்கிறார். பெயின்ட் அடித்த பம்பை வாங்கவே வாங்காதீர்கள்.

திசை சரியென்றால் வெர்னியரை எடுங்கள். எஞ்சினுக்குள் நுழையும் வட்டக் கழுத்தின் விட்டம், போல்ட் துளைகளின் நடுவுக்கு நடு தூரம், இரண்டு வாய்களின் மரை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் நேரானதா, கூம்பா, பல் போட்டதா என்று பாருங்கள். பல் போட்டதென்றால் பல்லை எண்ணுங்கள். கழுத்து சற்று லூசாக இருந்தால் ‘போல்ட் பிடித்துக்கொள்ளும்’ என்பார்கள். பிடிக்காது. ஷாஃப்ட் கோணலாக உட்கார்ந்து தன்னைத் தாங்கும் புஷ்ஷைத் தின்றுவிடும்.

மிச்சம் சி.சி. அளவு, அதாவது ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆயில் தள்ளுகிறது என்பது. இங்கேதான் ‘சேம் மாடல்’ வியாபாரம் நடக்கிறது. ஒரே முகம், ஒரே ஷாஃப்ட், ஆனால் உள்ளே கியரின் அகலம் வேறு வேறாகப் பல பம்புகள் வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் உடம்பின் நீளம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். உங்கள் பழைய பம்பைப் பிரித்து மூன்று அளவு எடுங்கள்: கியரின் வெளி விட்டம், இரண்டு கியர் ஷாஃப்டுகளின் நடுவுக்கு நடு தூரம், கியரின் அகலம். விட்டத்திலிருந்து நடுத் தூரத்தைக் கழித்து, வந்ததை நடுத் தூரத்தாலும் அகலத்தாலும் 3.14 ஆலும் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் ஏறக்குறைய சி.சி. கிடைக்கும். விட்டம் 34 மி.மீ., நடுத் தூரம் 28, அகலம் 14 என்றால் 7.4 சி.சி. பம்ப் நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றினால் சுமார் 18 லிட்டர்.

‘பெரிய பம்ப் போட்டால் அதிக பாரம் தூக்கும்’ என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பாரத்தைத் தீர்மானிப்பது, மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் அழுத்தமும் லிஃப்ட் பிஸ்டனின் அகலமும்தான். சி.சி. கூடினால் வேகம்தான் கூடும், கூடவே சூடும். திருச்செங்கோடு போர்வெல் ரிக்கிலிருந்தும் சங்ககிரி டிப்பர் லாரியிலிருந்தும் கழற்றிய பம்புகள் இப்படித்தான் மினி டிராக்டர்காரர் தலையில் கட்டப்படுகின்றன. அதே திருச்செங்கோட்டில் ரிக் ஹைட்ராலிக் வேலை பார்க்கும் நல்ல பட்டறைகளும் உண்டு. டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, சூடான ஆயிலில், அழுத்தம் கொடுத்து, எத்தனை லிட்டர் வருகிறது என்று கண் முன்னால் காட்டுபவரிடம் வாங்குங்கள். கையால் சுற்றி ‘டைட்டா இருக்குதுண்ணே’ என்பவரிடம் வேண்டாம்.

இனி, கேட்காத கேள்விக்கும் பதில். எஞ்சினை நிறுத்தினால் ரோட்டவேட்டர் இறங்குவதற்கும் பம்புக்கும் சம்பந்தமே இல்லை. தூக்குவதுதான் பம்பின் வேலை. தூக்கியதைப் பிடித்து நிறுத்துவது கன்ட்ரோல் வால்வும், ஆயிலைத் திரும்ப விடாத செக் வால்வும், லிஃப்ட் பிஸ்டன் சீலும். எத்தனை பம்ப் மாற்றினாலும் அது இறங்கத்தான் செய்யும். உங்கள் மெக்கானிக் இரண்டு நோயை ஒன்றாக்கிவிட்டார். சூட்டில் மெதுவாக ஏறுவது மட்டும் பம்ப் தேய்மானமாக இருக்கலாம். அதற்கும் முன்னால் சக்‌ஷன் ஸ்டெயினரை, அதாவது ஆயில் வடிகட்டும் சல்லடையை, கழற்றிக் கழுவுங்கள். ஆயிலைப் பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வையுங்கள். நுரை அடங்கித் தெளிந்தால் சக்‌ஷன் ஓ-ரிங் வழியே காற்று இழுக்கிறது. வெளுத்தபடியே நின்றாலோ அடியில் தண்ணீர் தங்கினாலோ தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வேகமாக ஏறி, ஐட்லிங்கில் ஏறாவிட்டால் தேய்மானம். எந்த வேகத்திலும் ஊளையிட்டால் ஆயில் போதுமான அளவு வந்து சேரவில்லை. தேய்ந்த பம்புக்குக் கெட்டி ஆயில் ஊற்றி ஒப்பேற்றுவார்கள். ஏற்காட்டு மார்கழிக் காலையில் அந்த ஆயில் ஸ்டெயினரைத் தாண்டி வராமல் நல்ல பம்பையும் அரித்துவிடும். கையேட்டில் உள்ள ஆயிலை மட்டும் ஊற்றுங்கள்.

கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். இந்த அழுத்தத்தில் ஊசிமுனைக் கசிவு தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுக்காமல் குனியவும் கூடாது.

பழைய மாஸி 1035 டிராக்டர் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன அளவு எதையும் எடுக்க வேண்டாம். அதில் பம்ப் எஞ்சினோடு இல்லை, கியர் பம்பும் இல்லை. பின்பக்கப் பெட்டிக்குள், ஆயிலில் மூழ்கியபடி, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டில் ஓடும் பிஸ்டன் பம்ப். பி.டி.ஓ. லீவர் நியூட்ரலில் இருந்தால் பம்ப் சுற்றாது. லீவர் கிரவுண்ட் ஸ்பீடு பக்கம் இருந்தால் வண்டி நகரும்போது மட்டும் சுற்றும். சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தாலும் நின்றுவிடும். லீவரை எஞ்சின் பக்கம் தள்ளாமலே ‘பம்ப் செத்துப்போச்சு’ என்று பணம் கட்டியவர்கள் உண்டு. நிஜமாகவே கெட்டாலும் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. பி.டி.ஓ. ஷாஃப்டைப் பின்னால் இழுத்து, லிஃப்ட் மூடியைத் தூக்கி, பக்கவாட்டு மூடிகளைத் திறந்து பம்பைப் பிடித்திருக்கும் ஊசிகளை எடுத்தால் பம்ப் மேல்வழியாகவே வந்துவிடும். பிரிக்க வேண்டும் என்று கூலி கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பில் வாங்குங்கள். அதில் சி.சி.யையும் திசையையும் கையால் எழுதி வாங்குங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். பில் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். சட்டம் இருந்தும் கடைக்குக் கடை அந்த வரி அச்சாகிக்கொண்டேதான் இருக்கிறது.

மாட்டும்போது பம்புக்குள் ஆயில் ஊற்றி, ஷாஃப்டைக் கையால் நாலு சுற்று சுற்றிய பிறகு மாட்டுங்கள். லிஃப்ட் லீவரைக் கீழே வைத்து ஐட்லிங்கில் ஐந்து நிமிடம் ஓடட்டும். உடனே பாரம் தூக்க வேண்டாம். பழைய பம்பை ‘எக்ஸ்சேஞ்ச், ஐந்நூறு குறைத்துக்கிறேன்’ என்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வண்டிக்கு மிச்சமிருக்கும் ஒரே பெயர்ப்பலகை அதுதான்.