கழித்தலில் 52 − 27 = 35 என்று எழுதும் பிள்ளைகள்

மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் 52 − 27-க்கு 35 என்று எழுதுகிறார்கள், எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அது கவனக்குறைவு இல்லை. '2-இல் 7 போகாது, அப்போ 7-இல் 2' என்று அவர்களாகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் அந்த விதிதான் கெட்டிப்படும்.

நோட்டை மூடச் சொல்லுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட 5 குச்சிக் கட்டு, உதிரியாக 2 குச்சி. "இதிலிருந்து 27 எடு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். (அதுதான் கஷ்டம், நமக்கு வாய் நிற்காது.) கொஞ்ச நேரம் முழிப்பார்கள். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை ரப்பர் பேண்டைக் கழற்றும். இப்போது 4 கட்டு, 12 உதிரி. மொத்தம் அதே 52 தானா என்று எண்ணிப் பார்க்க விடுங்கள். அதற்குப் பிறகுதான் பலகையில் 5-ஐ அடித்து 4 எழுத வேண்டும், அதுவும் குச்சிக்குப் பக்கத்திலேயே. 'கடன் வாங்கு' என்பதை நான் விட்டுவிட்டேன். "எப்போ திருப்பித் தருவோம்?" என்று ஒரு பையன் கேட்டான், என்னிடம் பதில் இல்லை. இப்போது 'கட்டைப் பிரி' என்றுதான் சொல்கிறேன்.

சரிபார்க்க, 35-ஐயும் 27-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 62 வந்ததும் அவர்களே அழிரப்பரைத் தேடுவார்கள்.