கேளுங்க சொல்றோம்: சிவலோகத்துல என்ன பதவி?

கேள்வி: எங்க பெரியப்பா தவறிட்டாரு. பேனர் அடிக்கப் போனா கடைக்காரர் "சிவலோக பதவியா, வைகுண்ட பதவியா, இறைவனடியா, எது போடணும்"னு கேக்குறாரு. மூணும் ஒண்ணுதானே சார்?
– வாசகர், விருதுநகர்

பதில்: இல்லீங்க. விபூதி பூசுற வீடுன்னா சிவலோக பதவி, நாமம் போடுற வீடுன்னா வைகுண்ட பதவி, இந்த வம்பே வேணாம்னா இறைவனடி. ஐயங்கார் வீடுகள்ல 'ஆசார்யன் திருவடி அடைந்தார்'னு போடுவாங்க, சாமியே இல்லைன்னு பேசிட்டு இருந்தவருக்கு 'இயற்கை எய்தினார்', சர்ச்சுக்குப் போறவங்கன்னா 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', முஸ்லிம் வீடுகள்ல 'வஃபாத்தானார்'. ஒரு வரிய வச்சே எந்த வீடுன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும். பதவின்னதும் ஏதோ ஆபீஸ் போஸ்டிங்னு சின்னப்பசங்க சிரிக்கிறாங்க, இங்க அதுக்கு நிலைன்னுதான் அர்த்தம்.

இன்னொரு விஷயம். சைவ சித்தாந்தத்துல முத்திக்கு நாலு படி இருக்கு. கோயில் கூட்டிப் பெருக்கி பூ கட்டிக் குடுக்கிற சரியைக்கு சாலோகம், அதாவது சிவன் இருக்கிற உலகத்துல ஒரு இடம். பூசை பண்ற கிரியைக்கு சாமீபம், அவரு பக்கத்துலயே இருக்கலாம். யோகத்துக்கு சாரூபம், அவரோட உருவமே கெடைக்கும். ஞானத்துக்குத்தான் சாயுச்சியம், அவரோடயே ஒண்ணாயிடறது. முதல் மூணும் வெறும் பதமுத்தி, கடைசி ஒண்ணுதான் பரமுத்தி. ஆக நாம ஊரெல்லாம் பேனர் கட்டி சொல்ற சிவலோகம் கணக்குப்படி முதல் படிதான், பாவம் பெரியப்பாவ வாசல்லயே நிறுத்திட்டோம்! பரவால்ல, கண்ணாடி போட்டுக்கிட்டு பேனர்ல சித்தாந்தம் தேடுற ஆள் இப்ப யாரு இருக்கா. அவரு நெத்தியில என்ன இருந்துச்சுன்னு பெரியம்மாகிட்ட கேட்டுட்டு அதையே போடுங்க.

கேள்வி: ஆபீஸ்ல ஒருத்தர் மறுமைங்கிறாரு, இன்னொருத்தர் மறுபிறப்புங்கிறாரு, எங்க அப்பத்தா மறுஜென்மம்ங்கிறாங்க. எல்லாம் ஒண்ணா?
– வாசகி, ஈரோடு

பதில்: மறுமை ரொம்பப் பழைய சொல்லு, இம்மைக்கு ஜோடி. புறநானூறு 134ல ஏணிச்சேரி முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனப் பாடும்போது, இங்க குடுத்தா அங்க கெடைக்கும்னு கணக்குப் போட்டு அறத்தை வியாபாரம் பண்ற ஆள் இல்ல எங்க ஆய்னு சொல்லுவாரு. (இன்னைக்கு அன்னதானத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறவங்க படிக்க வேண்டிய பாட்டு.) அதே சொல்லத்தான் தமிழ் முஸ்லிம்கள் ஆகிரத்துக்கு, அதாவது சாவுக்கு அப்புறம் வர்ற வாழ்க்கைக்கு, வச்சிருக்காங்க, ஆனா அங்க திரும்பப் பொறக்கிறதுங்கிற பேச்சே கெடையாது, ஒரு வாழ்க்கை, அப்புறம் விசாரணை நாள், அவ்வளவுதான். அப்பத்தா சொல்ற மறுஜென்மம் வேற, உசுரு இன்னொரு உடம்பெடுத்து இங்கயே வர்றது. மறுபிறப்புங்கிறவர் பெந்தெகொஸ்தே சபைக்காரரா இருந்தா அவரு சாவப் பத்தியே பேசல, உசுரோட இருக்கும்போதே மனந்திரும்பி புதுசா பொறக்கிறதச் சொல்றாரு. மூணு பேரும் ஒரே டேபிள்ல டீ குடிச்சுக்கிட்டு மூணு வேற விஷயம் பேசிட்டு இருக்காங்கன்னு நெனைக்கிறேன்.

கேள்வி: அப்பாவ கிழவன்னு பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிட்டான், பெரிய சண்டையாயிருச்சு. அது என்ன அவ்ளோ கெட்ட வார்த்தையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்ப அப்படித்தான், பையனுக்கு ரெண்டு போடலாம் தப்பில்ல. ஆனா தொல்காப்பியத்துல காதல் பண்ற தலைவனுக்கே கிழவன்னுதான் பேரு, தலைவிக்கு கிழத்தி. கிழமைன்னா உரிமை, கிழவன்னா உரியவன். ஞாயிற்றுக்கிழமையில இருக்கிறதும் அந்தக் கிழமைதான், கோவூர் கிழார், சேக்கிழார்னு பேர்ல இருக்கிறதும் அந்த வழிதான். சொத்துக்கு உரியவரா இருந்தவரு இப்போ திண்ணையில ஒரு ஓரமா உக்காந்திருக்காரு, சொல்லும் அவரோடயே எறங்கி வந்திருச்சு. அரசாங்கம் 'மூத்த குடிமக்கள்'னு ஒண்ணு வச்சிருக்கு, 2007 பராமரிப்புச் சட்டப்படி 60 ஆனா நீங்க அதுல வந்துருவீங்க. பஸ்ஸுல சீட்டு கேக்க உதவும், வீட்டுல யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க. 'பெரியவரே'ன்னு சொன்னா எந்த ஊர்லயும் சண்டை வராது.

கேள்வி: 60க்கு கல்யாணம் சரி, 80க்கு ஏன் சதாபிஷேகம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: 60 வந்தா நீங்க பொறந்த தமிழ் வருஷத்தோட பேரு ஒரு சுத்து சுத்தி திரும்ப வருது, 1966 பராபவ வருஷத்துல பொறந்தவங்களுக்கு 2026 சித்திரையில மறுபடி பராபவ. 70 முடிஞ்சா பீமரத சாந்தி. சதாபிஷேகத்துக்கு ஆயிரம் பிறை கண்டவர்னு கணக்கு. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஏறக்குறைய 29 1/2 நாள், ஆயிரத்தால பெருக்குனா 80 வருஷம் தாண்டி ஒரு பத்து மாசம் வரும். அதனால 80 முடிஞ்ச அன்னைக்கே அவசரப்பட்டு மண்டபம் புக் பண்ணாதீங்க, ஜோசியர்கிட்ட நாள் கேட்டுட்டு செய்யுங்க. திருக்கடையூர்ல முகூர்த்த நாள்னா கூட்டம் நெரியும், எமனையே ஒதைச்ச சாமி இருக்கிற ஊராச்சே.

கேள்வி: பெண்ணோட ஏழு பருவத்துல கடைசி பேரிளம்பெண். அதுக்கப்புறம்?
– வாசகி, மதுரை

பதில்: அதுக்கப்புறம் புலவர்கள் யாரும் பாடல. 40 வயசோட பட்டியல் முடிஞ்சிருது, எழுதுனது ஆம்பளைங்க.

கேள்வி: எங்க தாத்தா தினமும் "நான் எப்ப டிக்கெட் வாங்குவேனோ"ன்னு சொல்றாரு. நானும் விளையாட்டா அதையே சொன்னேன், அம்மா அடிச்சிட்டாங்க.
– வாசகர், கோவை

பதில்: அம்மா பண்ணது சரி. டிக்கெட் அவரோடது, அவரு பேசிக்கலாம்.